தோளுக்குப் போட்ட களிம்பு

ஆகஸ்ட் 22, திங்கள்

மூட்டு வலியைத் தினமும் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறான், டாக்டர் என்று போர்டு மாட்டியிருக்கும் அந்த மீசை முளைக்காத பையன். பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட வேண்டுமாம். போடுகிறேன். இன்றைய வலி: பத்துக்கு நாற்பத்தேழு.

இம்மானுவேல் அருமைநாயகம், மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன், பாளையங்கோட்டையின் பாதித் தெருக்களுக்கு வெளிச்சம் வழங்கிய வள்ளல். நான் கம்பத்தில் ஏறினால் காக்கைகள் எழுந்து நின்று இடம் விட்ட காலம் ஒன்று உண்டு. இன்று கக்கூஸில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கிரேன் வேண்டும். முட்டியை மடக்கினால் சரளைக் கல் ரோட்டில் மாட்டு வண்டி போகிற சத்தம். வலது தோள்பட்டை அதைவிடக் கேவலம். கையைக் காதுக்கு மேல் தூக்கினால் வானத்து நட்சத்திரங்கள் அத்தனையும் பகலிலேயே தெரிகின்றன.

ஆஸ்பத்திரிக்கு அக்கா மகள் பிளெஸ்ஸியின் ஸ்கூட்டரில் போனேன். சீ, அந்த வராந்தா நாற்றம்! பினாயிலும் பழைய சாம்பாரும் கல்யாணம் பண்ணிக்கொண்ட மாதிரி. ஏற்கெனவே இரண்டு நாள் காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் உறிஞ்சியிருந்தார்கள். பையன் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, ஒரு வயசுப் பெண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே என்ற விவஸ்தை இல்லாமல் சொன்னான்:

“சார், உங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கம்மியா இருக்கு. முந்நூறாவது இருக்கணும். நூத்தி எண்பதுதான் இருக்கு.”

“மாமா, அப்படின்னா ஆம்பிளை ஹார்மோன்” என்றாள் பிளெஸ்ஸி. படித்த கழுதை.

“வெளிய போய் ஸ்கூட்டரைப் பாரு. எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்” என்று அவளை விரட்டினேன்.

அதற்குப் பிறகு அவன் பேசியதில் பாதிதான் காதில் விழுந்தது. மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு, இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஹார்மோன் குறைந்தால் தசை கரையும், தசை கரைந்தால் மூட்டுக்குத் தாங்கல் போய்விடும். தோளில் பூச ஒரு களிம்பு தருகிறான். அளவு ஏறும். “ஆனா வலி போயிரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன் சார். எடையையும் குறைங்க.” பிறகு கையைக் கழுவு, சட்டையைப் போடு, யாரும் தொடக்கூடாது என்று நீளமாக ஏதோ ஓதினான். என் கண் அவன் தலைக்குப் பின்னால் தொங்கிய படத்திலேயே இருந்தது. தோல் உரித்த மனிதன் ஒருவன் சிவப்பாக நின்று என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்குக்கூட என்னைவிட அதிகம் இருக்கும் போல. நூற்றெண்பது! வீட்டுக்கு வருகிற வோல்டேஜ் அவ்வளவு குறைந்தால் மிக்ஸிகூடச் சுற்றாது.

என் மனைவி ஹெப்சியிடம் மூட்டு வலிக் களிம்பு என்று சொன்னேன். பொய் அல்ல. பாதி உண்மை. மீதியைக் குடும்ப மரியாதை கருதி விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 24, புதன்

வலி: 44.

களிம்பைப் பூசினேன். சகிக்கவில்லை. சாராயம் குடித்த நத்தை ஒன்று தோள்மேல் ஊர்ந்த மாதிரி குளிர்ச்சி, வழவழப்பு, நெடி. இதில் இன்னொரு கேலிக்கூத்து: தோளில் பூச வேண்டிய கை, தோள் வலியால் தோள் வரை போகவில்லை. கண்ணாடி முன்னால் நின்று முதலை முதுகு சொறிகிற மாதிரி நான் படும் பாட்டைப் பார்த்து ஹெப்சி வந்துவிட்டாள்.

“கொண்டாங்க இங்க. சுவருக்கு வெள்ளை அடிக்கிற மாதிரில்லா அடிக்கிய.”

“வேண்டாம்மா, நானே...”

“சும்மா இருங்க அத்தான்.”

முப்பத்தோரு வருஷமாக என்னை மேய்க்கிற கை. ரெண்டு உள்ளங்கையிலும் அள்ளி, இரண்டு தோளிலும் அழுத்தி, சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி தேய்த்தாள். சுகமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். தேய்த்து முடித்ததும் கையில் ஒட்டியிருந்ததைப் புடவையை லேசாகத் தூக்கித் தன் முட்டிகளில் தடவிக்கொண்டாள்.

“என்னது?”

“எனக்கும்தான் படி ஏறினா வலிக்கி. காசு போட்டு வாங்கினது, வீணாவா போகணும்?”

சிக்கனத்தில் இவளை அடிக்க இந்தியாவில் ஆள் இல்லை.

செப்டம்பர் 9, வெள்ளி

வலி: 43. காலையில் தேய்ப்பு. மற்றபடி உலகம் நாறிக்கொண்டிருக்கிறது. சாக்கடை அடைத்திருக்கிறது.

செப்டம்பர் 20, செவ்வாய்

கிறிஸ்மஸ் கேரல் ஆராதனைக்கு இன்று முதல் பயிற்சி. எங்கள் கோயில் பாடகர் குழுவில் ஹெப்சிதான் சோப்ரானோவுக்கு, அதாவது பெண்களின் மேல் குரல் வரிசைக்குத் தலைவி. கேரல் ஆராதனையில் விளக்குகளை அணைத்த பிறகு முதல் பாட்டைத் துணையில்லாமல் தனியாக ஒரு குரல் பாட வேண்டும். இருபத்து நான்கு வருஷமாக அது அவள் குரல். அந்தப் பாட்டின் கடைசி வரியில் ஒரு மேல் ஸ்வரம் உண்டு. அதை அவள் தொடும்போது கோயில் உத்தரத்தில் தூங்கும் புறாக்கள் மனந்திரும்பும். போன வருஷம் இரண்டு புறாக்கள் ஞானஸ்நானத்துக்கே பேர் கொடுத்ததாகக் கேள்வி.

பயிற்சியிலிருந்து வந்தவள் கண்ணாடியில் தாடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஐம்பத்தி நாலு வயசுல பருவு வருது அத்தான். நாலு.”

“மறுபடி சமைஞ்சிருக்கியோ என்னமோ. தாய்மாமனைக் கூப்பிடவா?”

சிரித்தாள். நல்லவேளை. பருவைப் பிதுக்கிவிட்டு அதே கையால் காபி கொண்டுவந்தாள். நான் குடிக்கவில்லை.

அக்டோபர் 7, வெள்ளி

வலி: 43. மாடிப்படி எதிரிப் படை.

பயிற்சி முடியும் நேரம் ஹெப்சியைக் கூட்டிவரப் போனேன். பாடகர் குழுத் தலைவர் ஜோயல் துரைசிங் ஆர்கனில் உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். அப்போதே மூக்குப்பொடி போடுகிறவன் மாதிரி முகத்தை வைத்திருப்பான். இப்போது நிரந்தரமாகிவிட்டது. ஹெப்சி பாடியதைப் பாதியில் நிறுத்தினான்.

“சிஸ்டர், கடைசி வரி இறங்குது. தொண்டை கட்டியிருக்கோ?”

“தெரியல சார். நாளைக்குச் சரியாயிரும்.”

“மிளகுக் கசாயம் குடிங்க. பிராக்டிஸ் பண்ணுங்க.”

வெளியே வந்ததும் ஆட்டோவுக்குக் காத்து நின்றபடி அவள் அந்த வரியை மெல்லப் பாடிப் பார்த்தாள். ஏதோ விரிசல் விட்ட பானையைத் தட்டிய மாதிரி கேட்டது. எனக்கு என்னவோ போலிருந்தது. மழைக்காலம். அவ்வளவுதான்.

அக்டோபர் 23, ஞாயிறு

கோயிலுக்குப் போக முகம் மழிக்கலாம் என்று ரேசரை எடுத்தால், அதில் முடி! என் முடி நரைத்தது. இது கறுப்பு, மெலிசு. அருவருப்பில் ரேசர் கையிலிருந்து விழுந்து என் கால் கட்டைவிரலைக் குறிபார்த்தது.

“ஹெப்சி! என் ரேசரை யாரு எடுத்தா?”

“நூல் அறுக்க எடுத்தேன்” என்றாள் அடுக்களையிலிருந்து.

நூலுக்கு எப்போது தாடி முளைத்தது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவள் முந்தானையைத் தாடை வரை இழுத்துப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். காலையில் தேய்ப்பு மட்டும் வழக்கம்போல் நடந்தது. வலி: 42.

நவம்பர் 4, வெள்ளி

மத்தியானம் கேஸ் கம்பெனியிலிருந்து போன். ஹெப்சி எடுத்தாள். அந்தப் பக்கத்துப் பயல், “சார், சிலிண்டர் நாளைக்கு வரும் சார்” என்றான். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

“நான் சார் இல்ல” என்றாள் ஹெப்சி.

“மன்னிச்சுக்கோங்க சார்” என்றான் அந்த மூதேவி.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிலிண்டர்காரன் செவிட்டுப் பயல், காதில் கேஸ் ஏறிவிட்டது என்றேன். ஹெப்சி போனை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. வெங்காயம் உரித்தாளாம். இன்றைக்கு எலுமிச்சம்பழச் சோறு. அதில் வெங்காயம் கிடையாது.

நவம்பர் 11, வெள்ளி

இரண்டு செய்திகள். இரண்டும் குமட்டுகின்றன.

ஒன்று: மூன்று மாதம் ஆவதற்குள் எனக்கு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஐந்நூற்று இருபது! இளங்காளைக்கு இருக்க வேண்டியது. பையன் கை கொடுத்தான். “வலி எப்படி சார்?” என்றான். நாற்பத்திரண்டு என்றேன். அவன் பேனாவை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டான். தேய்மானத்துக்கு இது மருந்தில்லை, முதல் நாளே சொன்னேனே என்றான். அளவு ஏறிவிட்டது, ஆனால் முட்டிக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. காலையில் கொஞ்சம் சுறுசுறுப்பு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சுறுசுறுப்பு கட்டிலில் இருந்து எழுந்து நாற்காலி வரை போகப் போதுமானது.

இரண்டு: ஜோயல் இன்று ஹெப்சியிடமிருந்து முதல் பாட்டைப் பறித்துவிட்டான். எல்லார் முன்னாலும். “இருபத்தி நாலு வருஷமாப் பாடுறோம்கிற மிதப்புல வீட்ல பிராக்டிஸ் பண்ணாட்டா இப்படித்தான் ஆகும் சிஸ்டர்” என்றிருக்கிறான். பாட்டை பிளெஸ்ஸிக்குக் கொடுத்துவிட்டு, ஹெப்சியைத் தணிந்த குரல் பெண்கள் நிற்கிற ஆல்ட்டோ வரிசைக்குப் போகச் சொன்னானாம்.

பிளெஸ்ஸி என்னிடம் வந்து அழுதாள். “மாமா, நான் பாட மாட்டேன். அத்தை டெய்லி பின்வாசல்ல நின்னு பிராக்டிஸ் பண்ணுதது எனக்குத் தெரியும். அத்தைக்கு உடம்புக்கு என்னமோ இருக்கு, டாக்டர்ட்ட காட்டுங்க.”

ஜோயலை ஆர்கனோடு சேர்த்துத் தாமிரபரணியில் எறிவதாக முடிவு செய்திருக்கிறேன். தோள் வலி குறைந்ததும் செய்வேன்.

நவம்பர் 22, செவ்வாய்

ஹெப்சியை லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். நான் ஆட்டோக்காரனிடம் சில்லறைக்குச் சண்டை போட்டுவிட்டு உள்ளே போவதற்குள் அவளே வெளியே வந்துவிட்டாள். போன வாரமே ரத்தம் கொடுத்திருக்கிறாள், எனக்குச் சொல்லாமல்.

ஆட்டோ ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் நின்று சொன்னாள். குரல் தடித்ததும் தாடையில் முடி வருவதும் ஒரே காரணம். அவள் ரத்தத்தில் ஆண் ஹார்மோன் இருக்கிறது. பெண்ணுக்கு எழுபதைத் தாண்டக் கூடாதாம். இவளுக்கு இருநூற்று நாற்பது.

இருநூற்று நாற்பது. எனக்கே ஆகஸ்டில் நூற்றெண்பதுதான். என் வாயில் ஒரு பிரமாதமான ஜோக் வந்தது. அடுத்த வாக்கியத்தில் செத்தது.

“கர்ப்பப்பை பக்கத்துலயோ கிட்னிக்கு மேலயோ கட்டி இருக்கலாம்னு சொல்லுதாங்க அத்தான். ஸ்கேன் எடுக்கணுமாம். எங்க அம்மாவுக்கும் கட்டிதான.”

“சீச்சீ, அதெல்லாம் இருக்காது.”

“வீட்ல யாராவது ஹார்மோன் மருந்து, களிம்பு ஏதும் போடுதாங்களான்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டேன்.”

பதினோராயிரம் வோல்ட் லைனில் கை வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் நொடியில் கத்த மாட்டார்கள். வாய் திறந்தபடி நிற்பார்கள். அப்படி நின்றேன். ஆட்டோ வந்தது, ஏறினோம்.

சொல்லவில்லை. சொல்லாததற்கு எனக்குத் தகுந்த காரணங்கள் இருந்தன. ஆட்டோக்காரன் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் களைத்திருந்தாள். வீட்டில் அரிசி இல்லை. களிம்பை இன்றோடு நிறுத்திவிட்டால் அவள் ரத்தம் தானாகவே இறங்கிவிடும், குரல் தானாகவே ஏறிவிடும், யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. இதுதான் அறிவாளி போடும் திட்டம். களிம்பை எடுத்துப் பீரோவுக்குப் பின்னால் போட்டேன்.

நவம்பர் 23, புதன்

வலி எழுதவில்லை.

காலையில், “இன்னைக்குத் தேய்க்க வேண்டாம், தேவலை” என்றேன்.

“அப்படியா? நேத்து வரைக்கும் நாற்பத்தி ரெண்டுன்னியளே.” கொஞ்ச நேரம் கழித்து, “அந்தக் களிம்பு பேரு என்ன அத்தான்?”

“ஏதோ இங்கிலீஷ் பேரு. வாய்க்குள்ள நுழையாது.”

“சரி” என்றாள்.

நவம்பர் 24, வியாழன்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. காலையில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். ஹெப்சி வருகிறாள். ஒரு கையில் அந்தக் களிம்பு. பீரோவுக்குப் பின்னால் கூட்டும்போது கிடைத்ததாம். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் என் பழைய ஆரஞ்சு ரப்பர் கிளவுஸ். மின்வாரியத்தில் உயரழுத்தக் கம்பி வேலைக்கு நாங்கள் போடுவது. பரணிலிருந்து இறக்கியிருக்கிறாள்.

“என்ன வேஷம் இது?”

“கையில நாத்தம் போக மாட்டேங்கு. சோறு பிசைஞ்சு சாப்பிட முடியல. திரும்புங்க.”

“வேண்டாம்னு சொன்னேன்லா.”

“ஏன் வேண்டாம்? வலிக்கில்லா?”

திரும்பினேன். அந்தத் தடித்த ரப்பர் என் தோளில் வழுக்கி வழுக்கி ஏறி இறங்கியது. செத்த மாட்டின் நாக்கு நக்குவதுபோல் இருந்தது. உடம்பெல்லாம் கூசியது. முடிந்ததும் முட்டியில் தடவிக்கொள்ளாமல், சோப்புப் போட்டு கிளவுஸைக் கழுவி, கொடியில் காயப் போட்டாள். வெயிலில் இரண்டு ஆரஞ்சுக் கைகள் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பக்கம் போக எனக்குப் பிடிக்கவில்லை.

நாற்றம் என்றுதானே சொன்னாள். நாற்றம்தான் காரணம். நாறத்தானே செய்கிறது.

நவம்பர் 25, வெள்ளி

சாயங்காலம் கோயில் பெண்கள் ஏழெட்டுப் பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஹெப்சிக்குக் கட்டி என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்து அவளுக்காக ஜெபித்தார்கள். உபதேசியார் மனைவி, “ஆண்டவரே, இந்த மகளோட சரீரத்துல இருக்கிற கட்டியை மெழுகு மாதிரிக் கரையப் பண்ணும்” என்று கண்ணீர் விட்டாள்.

எல்லாரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன். கணீரென்று.

அவர்கள் போன பிறகு ஹெப்சி கொஞ்சம் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதலாக இருந்தேன். ஸ்கேனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை நேரம் வாங்கியிருப்பதாகச் சொன்னாள்.

நவம்பர் 28, திங்கள்

சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை பால்காரன் வந்தான். இரண்டாம் தடவை தும்மல். மூன்றாம் தடவைக்குக் காரணம் எழுத இந்தப் பேனாவுக்கே வெட்கமாக இருக்கிறது. என் மனைவியிடம் போய், எனக்கு நூற்றெண்பதுதான் இருந்தது, அதை மறைக்கத்தான் உன்னிடம் பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். அந்த எண் என் வாய்க்குள்ளிருந்து வெளியே வர மறுக்கிறது.

தினமும் காலையில் கிளவுஸ். அவள் களிம்பைப் பிதுக்குகிறாளா, தேங்காய் எண்ணெயைத் தடவுகிறாளா என்றுகூடத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 2, வெள்ளி

ஸ்கேன் சென்டர். ஏசி போட்ட பிணவறை மாதிரி ஒரு கூடம். இரும்பு நாற்காலிகள். எதிர்ச் சுவரில் மறுபடி ஒரு தோல் உரித்தவன். இவன்கள் எனக்கென்றே ஊர் ஊராக வந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

உட்கார்ந்ததும் ஹெப்சி கம்மலைக் கழற்றினாள். பிறகு கழுத்துத் தாலிச் செயினைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள்.

“உலோகம் எதுவும் கூடாதுல்லா. வச்சுக்கோங்க.”

சூடாக இருந்தது. அவள் உடம்புச் சூடு.

கண்ணாடிக் கதவைத் திறந்து ஒரு பெண் பேர் கூப்பிட்டாள். வேறு யாரோ போனார்கள். மறுபடி கதவு திறந்தது. ஒவ்வொரு தடவையும் நான் செயினின் கண்ணிகளை முதலிலிருந்து எண்ணினேன். ஹெப்சி கையைக் கட்டிக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கிழவர் கண்ணாடிக் கிளாஸில் மஞ்சளாக ஏதோ குடித்துவிட்டு ஓங்கரித்தார். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கதவு மறுபடி திறந்தபோது, அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள், நான் எழுந்து நின்றிருந்தேன். முட்டி வலித்ததா என்று தெரியவில்லை.

“இவளுக்குக் கட்டி இல்ல. ஒண்ணும் இல்ல. என் களிம்புதான். எனக்கு ஹார்மோன் கம்மி. நூத்தி எண்பது. அதைத்தான் இவ வெறுங்கையால தேச்சா. நான்தான் சொல்லல.”

கூடம் முழுக்கக் கேட்டிருக்கும். கிழவர் ஓங்கரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“உக்காருங்க” என்றாள் ஹெப்சி. அந்தத் தடித்த, புதிய குரலில். “என் பேரை இங்க யாரும் கூப்பிட மாட்டாங்க. நான் பேரே கொடுக்கல.”

உட்கார்ந்தேன்.

“நீங்க பேரு வாய்க்குள்ள நுழையாதுன்னியளே, அன்னைக்கே பீரோவுக்குப் பின்னால இருந்து எடுத்து லேடி டாக்டருக்குப் போட்டோ அனுப்பிட்டேன். உடனே போன்ல வந்தாங்க. தொடவே கூடாது, மறுபடி ரத்தம் பாத்துட்டு வேணும்னாதான் ஸ்கேன்னு சொல்லிட்டாங்க.”

“அப்ப இத்தனை நாளா தேச்சது...”

“தேங்காய் எண்ணெய்.”

“பின்ன கிளவுஸ் எதுக்கு?”

“அதைப் பாத்தாவது உங்களுக்கு உறைக்கும்னு நெனச்சேன். கிளவுஸ் இல்லாம ஒருத்தன் கம்பியைத் தொட்டா அவன் அப்பன் பேரைச் சொல்லித் திட்டுற மனுசன்லா நீங்க. ஊரான் வீட்டுப் பிள்ளைக்கெல்லாம் கத்துனிய.”

நான் தரையைப் பார்த்தேன். மொசைக்கில் யாரோ துப்பியிருந்தார்கள்.

“எவ்வளவு தூரம் விடுவியன்னு பாக்கணும்னு தோணிச்சு அத்தான். ஸ்கேன் வாசல் வரைக்கும் விட்டுட்டிய.” கம்மலை எடுத்து மாட்டிக்கொண்டாள். “பொய் சொன்னதுகூடப் போகட்டும். ஜெபக்காரங்க போன பெறகு நான் அழுதேன்ல. நீங்க பக்கத்துல உக்காந்து, அவங்களுக்கு வச்ச முறுக்கைத் தின்னுக்கிட்டே இருந்தியளே. அந்தக் கடக் கடக்குன்னு சத்தம். அதுதான் எனக்குப் போக மாட்டேங்கு.”

ஆமாம். தின்றேன். வாய்க்கு ஏதாவது வேலை கொடுக்காவிட்டால் அது உண்மையைச் சொல்லிவிடும் போலிருந்தது.

செயினை வாங்கினாள். கழுத்தில் போடவில்லை. பர்ஸுக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“குரல் திரும்புமா?” என்று கேட்டேன்.

“முடி கொட்டிரும், பரு போயிரும்னு சொன்னாங்க. குரலுக்குச் சொல்ல முடியாதாம். கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம்.” எழுந்தாள். “ஜோயல் சார்ட்ட நீங்க போய்ச் சொல்லணும். நான் பிராக்டிஸ் பண்ணாததால இல்ல, இதனாலன்னு. நீங்கதான் சொல்லணும்.”

டிசம்பர் 3, சனி

என்னைச் சிங்கக் குகையில் போட்டிருக்கலாம். முதலைக் குளத்தில் தள்ளியிருக்கலாம். சாக்கடைக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். ஜோயல் துரைசிங் வீட்டுக்குப் போய், அவன் மூக்குப்பொடி முகத்துக்கு முன்னால் நின்று, என் ஆம்பிளை ஹார்மோன் கம்மி என்று சொல்வதைவிட எல்லாமே சுகம்.

போனேன். சொன்னேன். எண்ணையும் சொன்னேன்.

அவன் சிரிப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். சிரிக்கவில்லை. ஆர்கன் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் தன் விரல்களையே பார்த்தான். விரல் முட்டிகள் வீங்கி, இஞ்சிக் கிழங்கு மாதிரி இருந்தன. நான் இதுவரை கவனித்ததில்லை.

“எல்லார் முன்னாலயும் அந்தம்மாவை ஏசிட்டேனேவே.”

“ஏசினீரு.”

“நீரு முன்னாலயே சொல்லியிருந்தா...”

“எனக்குத் தெரியாம இருந்ததுவே அப்ப. பெறகு தெரிஞ்சும் சொல்லல.”

அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். குரலைத் தணித்துக் கேட்டான்: “அருமை, அந்த டாக்டர் பேரு என்னவே? எனக்கும் விரலெல்லாம் ஒரே வலி. சோர்வு. ஹார்மோன் பாக்கணுமோன்னு ஒரு யோசனை. வெளிய சொல்ல முடியாம...”

கர்மம். கர்மம். இந்தப் பூமியில் ஆண் என்று பிறந்தவன் ஒருவனும் உருப்படப் போவதில்லை. பேரை எழுதிக் கொடுத்தேன். “ஓமக்குக் களிம்பு கொடுத்தா, மகராசன் மாதிரி நீரே பூசும். ஓம் பெண்டாட்டி கையைத் தொட விட்டீருன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்” என்றேன். தலையாட்டினான்.

களிம்பை முற்றிலும் நிறுத்திவிட்டேன். டாக்டர் பையனிடமும் போய்ச் சொன்னேன். அவன் என்னைத் திட்டவில்லை. முதல் நாளே இரண்டு தடவை சொன்னேன் சார் என்று மட்டும் சொன்னான். அது திட்டைவிட மோசம். முட்டிக்கு உடற்பயிற்சி எழுதிக் கொடுத்திருக்கிறான். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்க வேண்டும். பார்க்க, கவிழ்ந்த கரப்பான்பூச்சி மாதிரி இருக்கிறேன்.

டிசம்பர் 18, ஞாயிறு

கேரல் ஆராதனை. விளக்கை அணைத்தார்கள். பிளெஸ்ஸி பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். ஜோயல் பயிற்சியிலேயே எல்லார் முன்னாலும் ஹெப்சியிடம் மன்னிப்புக் கேட்டானாம். ஆல்ட்டோவும் எட்டாமல் போகவே, டெனர் வரிசையில் ஆண்களோடு ஹெப்சி நின்றாள். வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவில் ஒரு நீலப் புடவை. தாடையில் முந்தானை இல்லை. பின்னாலிருந்து யாரோ, “பாவம், என்ன குரல் தெரியுமா அது” என்றார்கள். திரும்பி அவர்களை எரித்துவிடலாம் என்று பார்த்தேன். எரிக்க வேண்டிய ஆள் நான்தான் என்பதால் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் எனக்குச் சோறு போடுகிறாள். பேச வேண்டியதைப் பேசுகிறாள். செயின் இன்னும் பர்ஸில்தான் இருக்கிறது.

டிசம்பர் 21, புதன்

காலையில் குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து முட்டிக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்வாசல் பக்கம் ஓர் ஆண் பாடுகிற சத்தம். காலங்காத்தாலே எவன் நம் வீட்டுக்குள் வந்தான் என்று ஸ்டூலை விட்டு எழப் போனேன்.

ஆண் இல்லை. அவள்தான். முதல் பாட்டு. அவளுடைய பாட்டு. நான் வெளியே போயிருப்பதாக நினைத்திருக்கிறாள். தணிந்த குரலில், படிப் படியாக, கவனமாக ஏறிக்கொண்டு போனாள். கடைசி வரி வந்தது. அந்த மேல் ஸ்வரத்துக்கு முன்னால் குரல் நின்றுவிட்டது. இருமினாள். மறுபடி அந்த வரியை எடுத்தாள். அதே இடம்.

மக்கிலிருந்து தண்ணீர் என் முட்டியில் சொட்டியது. அந்தச் சத்தத்தில் அவள் நிறுத்திவிட்டாள். யாரோ கேட்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது அவளுக்கு.

கையை நீட்டிக் குழாயை முழுதாகத் திறந்தேன். வாளி நிரம்பித் தரையில் வழிந்தது. அந்த இரைச்சலில் இவனுக்கு ஒன்றும் கேட்காது என்று அவள் நினைக்க வேண்டும். மூடாமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில், அவள் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.